வாள் ஏழு

முழுத் தாடையோடு எவரிஸ்தோ கடைசியாகக் கீழுதட்டைக் கடித்துக் காட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ருசோ வீட்டுக் கொல்லையில், முசுக்கட்டை மரத்து நிழலில். கறி சுட்ட அடுப்பில் தணல் இன்னும் அணையவில்லை. எலும்புத் தட்டுகளை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி, விரிப்பின் மேலிருந்த ரொட்டித்தூளைக் கையாலேயே வழித்துவிட்டு, நாலு பேரும் சீட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ருசோ குனிந்து பீன்ஸ் விதைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அந்த விதைகள்தான் அவர்களுக்குப் புள்ளிக் கணக்கு. அவன் குனிந்திருந்த அந்த ஒரு நொடியில் எவரிஸ்தோ மேல்பற்களால் கீழுதட்டை மெல்லக் கவ்வி விட்டான். எதிரே இருந்த அவன் மனைவி தெல்மிரா பார்த்தாள். கையில் மூன்று இருக்கிறது என்று அர்த்தம்.

"த்ரூக்கோ," என்று பந்தயத்தை ஏற்றினாள் அவள், தன் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"பாருங்கய்யா, புருஷன் மூஞ்சியப் படிச்சிட்டு ஏத்தறா," என்றான் ருசோ. "எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா. முப்பது வருஷமா என் மூஞ்சியப் பாக்கறா, ஒரு எழுத்து புரியல."

"உன் மூஞ்சில தீனியத் தவிர வேற என்ன எழுதியிருக்கு," என்றாள் அவன் மனைவி இர்மா.

அந்த ஆட்டத்தில் தெல்மிராவும் எவரிஸ்தோவும் ஜெயித்தார்கள். எத்தனை புள்ளியில் என்று அவளுக்கு நினைவில்லை. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய மதியமாக அது அப்போது தெரியவில்லை.

த்ரூக்கோ ஜோடி சேர்ந்து ஆடும் ஆட்டம். கையில் என்ன வந்திருக்கிறது என்று ஜோடிக்கு வாயால் சொல்லக் கூடாது, முகத்தால் சொல்லலாம். கட்டில் வாள், தடி, காசு, கோப்பை என்று நாலு சாதிச் சீட்டு; பெரிய சீட்டுக்கு ஒவ்வொரு குறி. புருவத்தைத் தூக்கினால் வாள் ஆஸ். கண்ணடித்தால் தடி ஆஸ். வாயை வலப்பக்கம் கோணினால் வாள் ஏழு, இடப்பக்கம் கோணினால் காசு ஏழு. உதட்டைக் கடித்தால் மூன்று. இரண்டு கண்ணையும் மூடினால் ஒன்றுமே இல்லை. எதிராளி பார்த்துவிட்டால் அது அவன் சாமர்த்தியம். ருசோ வீட்டு மேசையில் ஒரே ஒரு சட்டம்: பேச்சில் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம், முகத்தில் புளுகக் கூடாது. பொய்க்குறி காட்டுகிறவன் பிள்ளையை விற்கிறவன் என்று ருசோவின் அப்பா சொல்லி வைத்திருந்தார்.

நொகொஷா ஊரில் எவரிஸ்தோ பால் லாரி ஓட்டினான். விடிவதற்கு முன்பே கிளம்பிப் பண்ணை பண்ணையாகப் பால் எடுத்து, மதியத்துக்குள் பாலாடைத் தொழிற்சாலையில் இறக்கிவிடுவான். தெல்மிரா ஊர் நூலகத்தில் வேலை பார்த்தாள். அவன் அதிகம் பேசாதவன். அவளும் அப்படித்தான். முப்பத்தோரு வருட வாழ்க்கையில் அவர்கள் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு மெல்லிய புத்தகம்கூடத் தேறாது. ஆனால் சந்தைக்கடையில், மகள் கல்யாணத்தில், அவன் அம்மாவின் அடக்கத்தில்கூட, கூட்டத்துக்கு நடுவே அவன் அவளைத் தேடிப் பார்த்து இரண்டு கண்ணையும் மூடித் திறப்பான். என்னிடம் ஒன்றும் இல்லை, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். அவள் பார்த்துக்கொள்வாள்.

அடுத்த ஞாயிறு அவன் பல் ஆடுகிறது என்று ஆட்டத்துக்கு வரவில்லை. வலப்பக்கக் கீழ்க்கடைவாய்ப்பல். உள்ளூர்ப் பல் டாக்டர் பிடுங்கினார். பிடுங்கிய குழி மூடவேயில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, ஒரு துணுக்குச் சதையை வெட்டிப் பரானா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். புற்று என்று முடிவு வந்த அன்று அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு தாளில் குதிரை லாடம் ஒன்றை வரைந்தார். கீழ்த்தாடை இப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு கோரைப்பல் இருக்கும் இடத்திலிருந்து காதுக்குக் கீழே வரை அந்த லாடத்தின் வலப்பாதியைப் பேனாவால் அடித்தார்.

"இதுக்குப் பதிலா கால் எலும்பை எடுத்து வைப்பாங்கன்னு சொன்னாங்களே," என்றாள் தெல்மிரா.

"இவர் கால் ரத்தக்குழாயெல்லாம் அடைச்சுக் கிடக்கம்மா. நாப்பது வருஷப் புகை. எலும்பை எடுத்தா காலும் போகும், வைச்ச எலும்பும் ஒட்டாது."

"அப்ப பாதி லாடத்தோட ஓடணுமா?" என்றான் எவரிஸ்தோ.

"ஓட வேணாம். நடந்தாப் போதும்."

ஜூன் மாதத்தில் வெட்டினார்கள். ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்தபோது தெல்மிரா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். முகம் வீங்கிப் பளபளத்தது. காதிலிருந்து மோவாய் வரை தையல். மோவாய் முழுவதும் வலப்பக்கம் போய் நின்றிருந்தது. பயப்படுவதற்கு முன்பே, அழுகை வருவதற்கு முன்பே, அவள் மனசு தானாக அதைப் படித்துவிட்டது: வாள் ஏழு. தன்னை நினைத்து அவளுக்கே கூச்சமாகப் போயிற்று. ஆனால் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் முகம் என்ன சொல்லப்போகிறது என்று.

"என்ன கெழவா," என்றாள். "வாள் ஏழா வச்சிருக்க?"

அவன் மடியிலிருந்த நோட்டை எடுத்தான். அப்போது அவனால் பேச முடியாது. எழுதிக் காட்டினான்: 'இனிமே எப்பவும்.'

அங்கிருந்து அவர்கள் வாழ்க்கை பரானா பஸ்ஸில் ஓடியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் போக, இரண்டு மணி நேரம் வர. தாடை போனவர்களுக்கும் அண்ணம் போனவர்களுக்கும் செயற்கைப் பல் கட்டுகிற டாக்டர் லுக்ரேசியா அங்கே இருந்தார். குள்ளமான பெண்மணி. நோயாளி உட்காரும் நாற்காலியை மிதித்து மிதித்து இறக்கித் தன் உயரத்துக்குக் கொண்டுவந்து பேசுவார்.

"ஒரு நுகத்துல ரெண்டு மாடு பூட்டியிருக்கு," என்றார் முதல் நாள். "ஒண்ணை அவிழ்த்தாச்சு. மிச்சம் இருக்கறது என்ன பண்ணும்? காலியான பக்கமாத் தள்ளும். உங்க இடப்பக்கத் தசை அதைத்தான் பண்ணுது. போதாததுக்கு, தழும்பு ஆற ஆற அதுவும் சேர்ந்து இழுக்கும். விட்டீங்கன்னா தாடை அங்கயே இறுகிடும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இந்த ஜென்மத்துல ஒண்ணை ஒண்ணு பாக்காது."

எவரிஸ்தோ நோட்டில் எழுதினான்: 'ஸ்டியரிங் வலது பக்கம் இழுக்குது.'

"அதேதான். நேராப் பிடிக்கப் பழகணும்."

பழக்கம் என்பது இதுதான்: கண்ணாடி முன்னால் நின்று, வலது உள்ளங்கையால் மோவாயைப் பிடித்து இடப்பக்கம் தள்ளி, இடப்பக்கக் கடைவாய்ப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்வரை வாயை மெல்ல மூட வேண்டும். பத்து எண்ணும் வரை அப்படியே நிற்க வேண்டும். பிறகு விட வேண்டும். விட்டதும் தாடை மாட்டுக் கொட்டகைக் கதவு மாதிரி தானாக வலப்பக்கம் போய்விடும். மறுபடி தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு இருபது தடவை. வாய் இறுகிப் போகாமலிருக்க, ஐஸ்கிரீம் குச்சி மாதிரித் தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருக வேண்டும். இன்று எட்டு என்றால் அடுத்த வாரம் ஒன்பது.

ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் லுக்ரேசியா ஒரு நீலத்தாளை நறுக்கி அவன் பற்களுக்கு இடையே வைத்துக் கடிக்கச் சொல்வார். பல்லும் பல்லும் சேர்கிற இடத்தில் நீலப்புள்ளி விழும். முதல் மாதம் ஒன்றும் விழவில்லை. இரண்டாம் மாதம் ஒரு புள்ளி, அதுவும் பல்லின் ஓரத்தில். பிறகு அவர் அவனுடைய மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் அச்சு எடுத்து, பிளாஸ்டிக்கில் ஒரு தடுப்பு செய்து கொடுத்தார். கீழே இடப்பக்கப் பற்களில் மாட்டிக்கொள்வது. சின்னச் சிறகு போல அது மேல்பற்களின் வெளிப்புறத்தை உரசிக்கொண்டு எழும். தாடை வலப்பக்கம் போகப் பார்த்தால் அந்தச் சிறகு மேல்பல்லில் முட்டி நிறுத்தும்.

ஜூனில் தொடங்கும் அந்த ஊர்க் குளிர்காலம் முழுவதும் அவன் பூசணிக்காய் மசியலும் சோளமாவுக் கூழும் தின்றான். கீழுதட்டின் வலப்பாதிக்கு உணர்ச்சி போயிருந்தது. எச்சில் வழிவது அவனுக்கே தெரியாது. தெல்மிரா தன் மோவாயைத் தானே துடைத்துக்கொள்வாள். அதைப் பார்த்து அவன் துடைத்துக்கொள்வான். அது அவர்களுக்குள் புதிதாக வந்த குறி. மாத்தே குடிக்கத்தான் வழியில்லாமல் போயிற்று. ஒரே சுரைக்குடுவை, ஒரே குழல். அவள் ஒரு முறை உறிஞ்சிவிட்டு நிரப்பிக் கொடுப்பாள், அவன் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவான். கல்யாணமான நாளிலிருந்து காலை அப்படித்தான் விடிந்தது. இப்போது அவனால் குழலைச் சுற்றி உதட்டை மூட முடியவில்லை. அந்தக் கசப்புக் கஷாயத்தை அவனுக்குக் கோப்பையில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தாள். அவன் குடித்தான்.

அக்டோபரில், வெயில் வந்த முதல் ஞாயிறு, மறுபடி ருசோ வீட்டுக்குப் போனார்கள். ருசோ என்றால் ரஷ்யன் என்று அர்த்தம். ஆனால் அவன் உண்மையில் ரஷ்யன் அல்ல, வோல்கா நதிக்கரையிலிருந்து குடியேறிய ஜெர்மானியர் வம்சம். அந்தப் பக்கத்தில் அவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் எவரிஸ்தோவைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதப் போனான். ஆனால் சீட்டுப் போட்டு மூன்று கை ஆடியதும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இது நியாயமில்ல," என்றான், சீட்டை மேசையில் கவிழ்த்து. "இவன் மூஞ்சி உக்காந்ததுலேர்ந்து வாள் ஏழு வாள் ஏழுன்னு சொல்லிட்டே இருக்கு. நான் எதை நம்பறது?"

"வாய மூடுடா கழுதை," என்றாள் இர்மா. அவள் கழுத்து வரை சிவந்துவிட்டது.

எவரிஸ்தோவின் தோள்கள் குலுங்கின. கைக்குட்டையை உதட்டில் அழுத்திக்கொண்டு அவன் சிரித்தான். பிறகு ஏதோ சொன்னான். குழறலாக வந்தது. தெல்மிராதான் சொல்ல வேண்டியிருந்தது: "இதுக்கு சர்க்கார் ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணிக்கணுமாம். உனக்கும் வேணும்னா டாக்டர்கிட்ட சீட்டு எழுதித் தரச் சொல்றாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். தெல்மிராவும் சிரித்தாள். ஆனால் ருசோவுக்கு எது தெரியவில்லையோ அது தனக்கும் தெரியவில்லை என்பது சிரிப்புக்கு நடுவே அவளுக்கு உறைத்தது. அந்த மதியம் அவன் கையில் இரண்டு முறை வாள் ஏழு வந்தது. இரண்டு முறையும் அவள் அறியவில்லை. உதட்டைக் கடிக்கவோ அவனால் முடியாது. கீழ்த்தாடை தன் இடத்துக்கு வந்தால்தானே மேல்பல்லுக்கு உதடு எட்டும்.

நடந்து திரும்பும்போது தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் அவன் நின்றான். மோவாயைக் கையால் நடுவுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"நடுவுல நிக்கணும் கெழவி. அப்பதான் சாஞ்சா அதுக்கு அர்த்தம்."

அதற்குப் பிறகு அவன் பிடித்த பிடி வேறு. அதுவரை டாக்டருக்காகச் செய்தான், இப்போது சீட்டுக்காகச் செய்தான். விடியற்காலையில் குளியலறைக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும். பத்து எண்ணுவான், விடுவான், பத்து எண்ணுவான். லாரியின் பின்பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து சமையலறை ஜன்னலில் கட்டினான். அவள் வெங்காயம் நறுக்க, அவன் தாடையைத் தள்ளிக்கொண்டிருப்பான். நீலப்புள்ளிகள் இரண்டாயின, நாலாயின.

நவம்பரில் ஒரு நாள் அவள் பாலைக் கிளறிக்கொண்டிருந்தபோது மேசையை யாரோ தட்டினார்கள். திரும்பினாள். எவரிஸ்தோ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடை நடுவில் நின்றிருந்தது, கை வைக்காமலே. மேல்பற்கள் கீழுதட்டைக் கவ்வியிருந்தன.

"மூணு," என்றாள் தெல்மிரா. கரண்டி கையிலேயே இருந்தது.

அவன் தலையாட்டினான். விடவில்லை. அவளுக்குப் புரியவில்லையோ என்று இன்னும் அழுத்தினான். உதட்டோரத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கி மோவாய்க்கு வந்தது. அவனுக்கு உணர்ச்சியில்லாத பாதி அது. அவள் தன் மோவாயைத் துடைத்துக் காட்டினாள். அவன் துடைத்துவிட்டுக் கையைப் பார்த்தான். சிவப்பாக இருந்ததைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவள் வேறு யாருக்கும் சொன்னதில்லை. பால் பொங்கி அடுப்பில் ஊற்றியது.

அந்தக் கோடைகாலம் நன்றாக இருந்தது. டிசம்பரில் டாக்டர் லுக்ரேசியா நீலத்தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆறு," என்றார். "ஆறு இடம், ஒவ்வொரு தடவையும் அதே ஆறு. இதுதான் எனக்கு வேணும். எத்தனை புள்ளிங்கறது பெரிசில்ல, திரும்பத் திரும்ப ஒரே இடத்துல விழணும்." அன்று புதிதாக அச்சு எடுத்து பாரிஸ் சாந்தில் மேல்தாடையும் கீழ்த்தாடையும் வார்த்து, அந்த ஆறு இடத்திலும் நீலப்புள்ளி வைத்து எடுத்து வைத்துக்கொண்டார். இனி வருகிற மாற்றத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார்.

ஜனவரியில் அவன் ரொட்டியின் மேலோட்டைக் கடித்தான். மென்று முடிக்க ஒரு கால்மணி நேரம் ஆயிற்று, ஆனாலும் அது மேலோடு. பீச் பழத்தைத் தோலோடு தின்றான். மாத்தே குழலை வாயின் இடப்பக்கத்தில் வைத்து, விரலால் உதட்டை அழுத்திப் பிடித்து உறிஞ்சக் கற்றுக்கொண்டான். குடுவை மறுபடி இருவருக்கும் நடுவே போய்வர ஆரம்பித்தது. ஞாயிறுகளில் தடுப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு முழு ஆட்டம் தாடையை நடுவில் நிறுத்தி உட்கார்ந்திருப்பான். ருசோ அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பான். வாள் ஏழு வந்தால் எவரிஸ்தோ செய்ய வேண்டியதெல்லாம் பிடித்த பிடியை ஒரு நொடி விடுவதுதான். மற்றவர்கள் குறி காட்ட முகத்தைக் கோணுவார்கள். இவன் குறி காட்ட ஓய்வெடுத்தான்.

"உலகத்துலயே சோம்பேறிக் குறி," என்றான் ருசோ.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு பக்கமும் ஜெயிக்கும் புள்ளியை நெருங்கியிருந்த நேரம். தெல்மிராவின் கையில் உருப்படியாக ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்த்தாள். எவரிஸ்தோவின் தாடை மெல்ல வலப்பக்கம் நழுவி, மறுபடி நடுவுக்கு வந்தது. வாள் ஏழு.

"த்ரூக்கோ," என்றாள்.

"ஒத்துக்கறேன், மேலயும் ஏத்தறேன்," என்றான் ருசோ.

"நானும் ஏத்தறேன். நாலு புள்ளி."

"சரி. காட்டு."

எவரிஸ்தோ தன் சீட்டை வைத்தான். கோப்பை ஆறு. அடுத்தது காசு நாலு. இதைவிட மட்டமான சீட்டு கட்டிலேயே இல்லை. ருசோ விதைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆட்டம் முடிந்தது.

தெல்மிரா தண்டவாளம் வரை அவனுக்கு முன்னால் நடந்தாள். அங்கே நின்று கேட்டாள்.

"நீ வாள் ஏழு காட்டினியா, இல்லையா?"

அவன் காலணியால் ஒரு சரளைக் கல்லைத் தள்ளினான். "காட்டினேன்."

"கைல இல்லாம?"

"ருசோ பாத்துட்டிருந்தான். பயந்து விட்டுடுவான்னு நினைச்சேன்."

"பொய்க்குறியா? அந்த மேசையில உக்காந்துட்டு? என்கிட்டயா?" அவள் குரல் உயர்ந்தது. "வெக்கமா இல்ல உனக்கு? அவ்வளவு பேர் உன்னைத் தாங்கறாங்களேன்னு திமிரா? ஏமாத்துக்காரா. இனிமே உன் மூஞ்சிய எப்படி நம்பறது நான்?"

"தப்புதான்," என்றான்.

மறுநாள் காலையில் அவள் மாத்தேயைத் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். மூன்று ஞாயிறுகள் அந்தக் கோபம் நின்றது. அந்த மூன்று ஞாயிறுகளிலும் அவன் தாடை அவ்வப்போது நழுவியது. அவள் அதைப் பார்க்காத மாதிரி ஆடினாள். பொய்யன் காட்டுவதை எதற்குப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன்னால் அவன் முன்பைவிட அதிக நேரம் நிற்பதையும் அவள் பார்த்தாள். குற்ற உணர்ச்சி என்று எண்ணிக்கொண்டாள்.

ஏப்ரலில் பரானாவுக்குப் போன அன்று தடுப்பு பல்லில் உட்காரவில்லை. டாக்டர் லுக்ரேசியா இரண்டு முறை மாட்டிப் பார்த்தார். பிறகு கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நீலத்தாளை நறுக்கினார். ஒரு புள்ளி விழுந்தது. அதுவும் பழைய இடத்தில் இல்லை. அலமாரியிலிருந்து சாந்துத் தாடைகளை எடுத்துவந்து அவன் முகத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விரல் நுனிகளால் தழும்பின் கீழே, கழுத்தோரமாக, மெல்ல அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அவர் வழக்கம்போல் பேசிக்கொண்டே வேலை செய்யவில்லை என்பது தெல்மிராவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எத்தனை நாளா இப்படி நழுவுது?"

"ஒரு மாசம்," என்றான் எவரிஸ்தோ. "கொஞ்சம் கூட இருக்கும்."

தெல்மிரா மடியிலிருந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூட. அவளுக்கு நாள் கணக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. கோப்பை ஆறு, காசு நாலு.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வரை சூரியகாந்தி வெட்டிய வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். டீயமாந்தே நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏறியது. பஸ் மறுபடி கிளம்பியதும் கேட்டாள்.

"அன்னிக்கு நீ குறி காட்டல."

"இல்ல."

"தானா நழுவிச்சு."

"ம்."

"ஏன் சொல்லல கெழவா? ஏமாத்துக்காரன்னேன். தெருவுல நின்னு கத்தினேன். மூணு வாரம் உனக்கு ஒரு மாத்தே போட்டுத் தரல."

அவன் மோவாயைக் கையால் ஏந்திக்கொண்டான். இப்போதெல்லாம் பேச வேண்டுமானால் அப்படித்தான்.

"நல்லா இருந்துச்சு," என்றான்.

"என்ன நல்லா இருந்துச்சு?"

"நீ திட்டினது. ஒரு வருஷமா என்கிட்ட ஆஸ்பத்திரில பேசற மாதிரியே பேசின. மெதுவா, பாத்துப் பாத்து. அன்னிக்குத்தான் பழையபடி திட்டின. சொல்லியிருந்தா உடனே நிறுத்திடுவ." மூச்சு வாங்கிக்கொண்டான். "தாடை நிக்கலன்னு சொல்றதுக்குப் பதிலா ஏமாத்துக்காரன்னே இருந்துட்டுப் போலாம்னு பட்டுது."

"இன்னும் ஏமாத்துக்காரன்தான் நீ," என்றாள் தெல்மிரா. அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவன் சட்டைப்பையில் தடுப்பு இருந்தது. அவள் கன்னத்தில் குத்தியது. எடுக்கவில்லை.

புற்று கழுத்துக்குள் பரவியிருந்தது. மறுபடி வெட்ட முடியாது என்றார்கள். அடுத்த மூன்று மாதம் டாக்டர்களுடையது, அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மே மாதத்தில் பீச், ரொட்டி எல்லாம் நின்று கூழ் வந்தது, ஜூலையில் கூழும் நின்று மூக்குக்குழாய் வந்தது. பேச்சு போயிற்று. ருசோவும் இர்மாவும் ஞாயிறுகளில் இங்கே வர ஆரம்பித்தார்கள். கட்டிலருகே பலகை போட்டு ஆடினார்கள். எவரிஸ்தோவால் தாடையை அசைக்க முடியவில்லை. புருவம் மட்டும் இருந்தது, கண் இருந்தது. வாள் ஆஸ், தடி ஆஸ், ஒன்றுமில்லை: இந்த மூன்றோடு ஆடினான். ருசோ தன் கையிலிருந்த நல்ல சீட்டைக் கீழே போட்டுத் தோற்றான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எவரிஸ்தோ ஒருமுறை அவனை நோக்கி விரலை ஆட்டினான், பொய் ஆட்டம் ஆடாதே என்று. அன்றிலிருந்து ருசோ ஒழுங்காக ஆடினான், ஜெயித்தான், ஜெயித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

ஆகஸ்ட்டில், உறைபனி விழுந்த ஒரு காலையில், தெல்மிரா மாத்தேக்கு வெந்நீர் வைக்கப் போயிருந்தபோது அவன் போனான். கெட்டில் சத்தம் போட ஆரம்பிக்கவில்லை. திரும்பி வந்தபோது கண்கள் மூடியிருந்தன.

அடக்கம் செய்கிறவர்களின் ஆள் வந்து குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார். மோவாய்க்குக் கீழே துணி கொடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார், எல்லா இறந்தவர்களுக்கும் செய்கிற மாதிரி. அந்தக் கட்டு தாடையை நடுவில் நிறுத்தியிருந்தது. பல மாதம் கண்ணாடி முன்னால் நின்று அவன் வாங்கிய இடம் அது. இப்போது ஒரு முழத் துணி அதைச் செய்திருந்தது.

"அவிழ்த்துடுங்க," என்றாள் தெல்மிரா.

"இப்ப நேரா இருக்கும்மா. வந்து பாக்கறவங்களுக்கு நல்லாருக்கும்."

"அவரு நிறுத்தினா நிக்கட்டும். நீங்க நிறுத்த வேணாம்."

அந்த ஆள் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார். தாடை மெல்ல வலப்பக்கம் போயிற்று. சாயங்காலம் ருசோ வந்து பெட்டியருகே தொப்பியைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றான். மூடிய கண், கோணிய வாய். இரண்டு குறியையும் அவன் அறிவான். எது உண்மை என்று அவன் கேட்கவில்லை.

செப்டம்பரில் தெல்மிரா பரானாவுக்குத் தனியாகப் போனாள். தடுப்பைத் திருப்பிக் கொடுப்பதாகச் சாக்கு. அதை வைத்து அவர் என்ன செய்வார், வேறொரு வாய்க்கு அது பொருந்தாது என்று அவளுக்கும் தெரியும். டாக்டர் லுக்ரேசியா அதை வாங்கிக்கொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து டிசம்பரில் வார்த்த சாந்துத் தாடைகளை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். "இதையெல்லாம் வருஷக் கடைசில தூக்கிப் போட்டுடுவோம்," என்றார். "உங்க வீட்டுல இருக்கட்டும்."

அவை இப்போது சமையலறையில், சீட்டுக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஜன்னலில் லாரிக் கண்ணாடியை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. மாத்தே ஒருவருக்குப் போடும்போது சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. சில காலைகளில் அவள் காகிதத்தைப் பிரித்து, பாதி லாடத்தைக் கீழே வைத்து, மேல்வரிசையை அதன்மேல் இறக்குகிறாள். இடப்பக்கத்தில் நீலம் சற்று மங்கியிருக்கிறது. கையை எடுத்தாலும் நழுவுவதில்லை. ஆறு இடத்தில் சேர்கிறது, அதே ஆறு இடத்தில்.